சர்வகலாசாலையிலிருந்து என்ன செய்தி?

ஓராண்டுக் காலத்தில் நம்முடைய நாளிதழ்களில் சர்வகலாசாலைகளைப் பற்றி வெளியாகும் செய்திகளையெல்லாம் ஒருவர் பொறுமையாகக் கத்தரித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைப்பாரானால், துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில் நடக்கும் வழக்கையும், பரீட்சைக் கட்டணம் உயர்ந்ததையும், விடைத்தாள் திருத்துவதில் நேர்ந்த குளறுபடியையும், ஓய்வூதியம் வந்து சேராத பழைய ஊழியர்கள் வாயிலில் அமர்ந்து கோஷமிட்டதையும், பட்டமளிப்பு விழா மேடைக்கு எந்தப் பிரமுகர் வந்தார், எவர் வராமலிருந்தார் என்பதையும் ஆண்டு முடிவில் அவர் ஐயந்திரிபறத் தெரிந்துகொண்டிருப்பார். அந்த ஸ்தாபனங்களுக்குள் அந்த ஓராண்டில் எவரேனும் எதையேனும் கண்டுபிடித்தார்களா என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திராது.

இவையெல்லாம் செய்திகள் அல்ல என்று வாதாடுவது என் நோக்கமன்று. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வருமானவரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது, அடுத்த மாதச் சம்பளம் கைக்கு வருமோ வராதோ என்று கலங்கிய குடும்பங்களின் நிலைமையைப் பத்திரிகைகள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதியிருப்பார்கள்? எழுத வேண்டியதுதான். ஆனால் இந்த ஆண்டு மகசூல் எப்படி என்று விசாரிக்க வந்தவனுக்குக் களத்துமேட்டில் நடந்த வாய்ச்சண்டையை விஸ்தாரமாகச் சொல்லி அனுப்பிவிட்டு, நெல்லைப் பற்றி வாயே திறக்காமலிருப்பதைப் போன்றதொரு வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பொதுஜனங்கள் அறிவதற்கு வழி செய்யாத ஒரு சர்வகலாசாலை, தனக்குப் பணமுடை வரும் காலத்தில் அந்தப் பொதுஜனங்களின் பரிவை எதிர்பார்ப்பதற்கில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இந்த மௌனத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1857-இல் கல்கத்தா, பம்பாய் நகரங்களோடு சென்னையிலும் சர்வகலாசாலை ஏற்பட்டபோது, லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு, பாடம் சொல்லும் வேலையைக் கல்லூரிகளிடம் விட்டுவிட்டுப் பரீட்சை வைப்பதையும் பட்டம் வழங்குவதையுமே அது தன் தொழிலாக ஏற்றுக்கொண்டது. ஆகவே அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பெயரைக் கேட்டதும் மக்கள் மனத்தில் எழுந்த எண்ணம் பரீட்சையும் அதன் முடிவும்தாம். பத்திரிகையில் தேறியவர்களின் பதிவு எண்கள் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக வரும் நாளில், குடும்பமே விளக்கைச் சுற்றி உட்கார்ந்து விரலால் தடவித் தேடிய காலம் அண்மைக் காலம் வரை இருந்தது. எதை எதிர்பார்த்துப் பழகினோமோ அதையே இன்றும் எதிர்பார்க்கிறோம்.

ஆராய்ச்சி என்பது சென்னையில் எப்படி உள்ளே நுழைந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். 1913-இல் துறைமுகக் கழக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களை வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் பார்த்துவிட்டுச் சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுத, கணிதப் பாடக்குழு பரிந்துரை செய்ய, விஷயம் சர்வகலாசாலையின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டுக்கு வந்தது. விதியோ குறுக்கே நின்றது. கல்லூரிப் படிப்பின் முதற்கட்டமான எஃப்.ஏ. பரீட்சையிலேயே தேறாத ஒருவருக்கு, எம்.ஏ. முடித்தவர்களுக்கென்று ஏற்பட்ட ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்தை எப்படிக் கொடுப்பது? ஆராய்ச்சியை வளர்ப்பதும் சர்வகலாசாலையின் நோக்கம் என்று சட்டத்தின் முகப்புரையே சொல்லவில்லையா என்று அங்கே ஒருவர் கேட்டதாகவும், அதன் பிறகே மறுப்பவர்கள் அடங்கியதாகவும் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் என்று முடிவாயிற்று. நிபந்தனை ஒன்றே ஒன்று: மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, தாம் என்ன செய்தார் என்பதை ஓர் அறிக்கையாக எழுதித் தர வேண்டும்.

அப்படி அவர் எழுதித் தந்தவை மூன்று. முதல் அறிக்கை 1913 ஆகஸ்டில், அடுத்தது நவம்பரில், மூன்றாவது அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதற்குச் சில நாட்களே இருந்த 1914 மார்ச்சில். தொகையீட்டுக் கணிதத்தில் இன்று அவருடைய தலைமைத் தேற்றம் என்று வழங்கும் முடிவு அந்த அறிக்கைகளில்தான் விளக்கம் பெறுகிறது. அவற்றுக்கு நேர்ந்த கதியையும் சொல்ல வேண்டும். பல பதிற்றாண்டுகள் அவை அச்சேறவே இல்லை; மூலப் பிரதிகள் எங்கேயோ தொலைந்துபோயின; 1925-இல் யாரோ ஒருவர் சிரத்தையோடு கையால் எடுத்து வைத்த பிரதி இல்லாவிட்டால் இன்று நமக்கு அவையும் இல்லை. சர்வகலாசாலையின் முதல் ஆராய்ச்சி மாணவர் கேட்டபடி கணக்கு ஒப்புவித்துவிட்டார். கேட்டவர்கள் அதை வாங்கி ஒரு கட்டில் சேர்த்துவிட்டு மறந்தார்கள். இன்றும் ஒவ்வொரு ஆய்வு மாணவரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை எழுதுகிறார், நெறியாளரிடம் கையெழுத்து வாங்குகிறார், அலுவலகத்தில் கொடுத்து முத்திரை குத்திய நகலைப் பத்திரப்படுத்துகிறார். அதை யார் படிக்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் தட்டச்சு செய்தவர்தான் என்று பதில் வரும்.

அதே 1913-இல்தான் தமிழ்ப் பேரகராதி வேலையும் தொடங்கிற்று. மதுரையில் நெடுங்காலம் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரியார் சாண்ட்லர் தலைமையில் ஆரம்பித்த அந்தப் பணிக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஒரு லட்சம் ரூபாய். வேலை முடிந்தது எப்போது? ஆறு தொகுதிகளும் வெளிவந்து முடிந்தது 1936-இல். அப்புறம் ஓர் அனுபந்தம். செலவோ நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சாண்ட்லருக்குப் பின் பதிப்பாசிரியர்கள் மாறி, 1926 முதல் வையாபுரிப் பிள்ளை அந்தப் பொறுப்பை ஏற்று நிறைவேற்றினார். 1862-இல் வெளியான வின்ஸ்லோவின் அகராதியில் ஏறத்தாழ 67,000 சொற்கள் இருந்தன; பேரகராதியின் ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள் இடம்பெற்றன. ஏட்டுச் சுவடிகளிலும் அச்சான நூல்களிலும் கல்வெட்டுகளிலும் வட்டார வழக்கிலும் கிடந்த சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆட்சி எந்த நூலில் என்று தேடிக் குறித்து, ஐயமுள்ள இடத்தில் பண்டிதர்களுக்குள் விவாதித்து, மறுபடியும் திருத்தி எழுதிய அந்த 23 ஆண்டு வேலையை இன்றைய செய்திக் கண்ணோட்டத்தோடு பார்ப்போமானால் என்ன தலைப்பு வரும்? ‘மதிப்பீட்டைப் போல் நான்கு மடங்கு செலவு: அகராதிப் பணியில் முறைகேடா?’ என்றுதான் வரும். கணக்குத் தணிக்கையாளர் ஆட்சேபணை எழுப்புவார். சட்டமன்றத்தில் கேள்வி கேட்பார்கள். ஒரு விசாரணைக் குழு அமைந்து, அதன் அறிக்கை அகராதியைவிடப் பெரிதாக இருக்கும்.

அன்றைக்கும் கண்டனங்கள் இல்லாமலில்லை. அகராதியில் வடசொற்கள் மிகுதி என்றும், சொற்பிறப்புகள் தவறு என்றும் கடுமையாகத் தாக்கியவர்கள் இருந்தார்கள், அவர்களில் மொழி அறிவில் குறைவற்ற பெரியவர்களும் உண்டு. அந்தக் கண்டனங்கள் சரியா தவறா என்பது இங்கே முக்கியமல்ல. நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சியைப் பற்றி வெளியார் சண்டை போடுமளவுக்கு அதன் விஷயம் வெளியே தெரிந்திருந்தது என்பதுதான் முக்கியம். 1924 முதல் பகுதி பகுதியாக அச்சாகி வந்ததால் படித்தவர்கள் அவ்வப்போது வாங்கிப் பார்த்தார்கள், வைதார்கள், வியந்தார்கள். அதற்காகச் செலவு செய்த பணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு மேசைமேல் கிடந்த பகுதிகளே பதிலாக இருந்தன.

விஞ்ஞானத் துறைகளில் இத்தகைய வெளிச்சம் விழுவது இன்னும் அரிது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதுதான் இருக்கும். சி.வி. ராமனின் மாணவர். துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், வந்தவர் கேட்ட கருவிகளை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் வேலையில் குறுக்கிடாமல் இருந்தார். நிர்வாகி ஒருவர் ஆராய்ச்சிக்குச் செய்யக்கூடிய உபகாரங்களில் இரண்டாவதுதான் கஷ்டமானது. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்ல, ராமச்சந்திரன் அதைப் பற்றிக்கொண்டார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அந்தப் புரதம். கிண்டி வளாகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாகப் போயிற்று. தோல் பதனிடுவதை ஆராயும் இடத்தில் கொலாஜனுக்குப் பஞ்சமா? அங்கிருந்து நார்களைப் பெற்று, சுறாமீனின் துடுப்பு, கங்காருவின் வால் தசைநாண் என்று ஒவ்வொன்றாக எக்ஸ் கதிர்களுக்கு முன் வைத்துப் படம் எடுத்தார்கள். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட அமைப்பை அவரும் கோபிநாத் கர்த்தாவும் ‘நேச்சர்’ இதழில் 1954-இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே அதைத் திருத்தி, அந்த முறுக்கே மேலும் ஒரு முறுக்கேறிய வடிவம் என்று காட்டினார்கள். அதே புரதத்தை ஆராய்ந்துவந்த கிரிக், ரிச் முதலியவர்களோடு நுணுக்கங்களில் அபிப்பிராய பேதம் ஏற்பட்டது. அந்தச் சச்சரவுதான் ராமச்சந்திரனை அடுத்த கேள்விக்குத் தள்ளிற்று: புரதச் சங்கிலியில் எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு அருகில் வரலாம்? ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு 1963-இல் அவர் வெளியிட்ட விடை, ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் உலகமெங்கும் உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் ஏறியிருக்கிறது. ஒரு புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டவர்கள், அது நம்பத்தகுந்ததா என்று சோதிக்க இன்றும் அந்த வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

சென்னையில் பிறந்து வளர்ந்த, படித்த மனிதர்கள் பத்துப் பேரைச் சர்தார் படேல் சாலையில் நிறுத்தி, இந்தச் சாலையோரத்தில் அப்படியொரு காரியம் நடந்தது தெரியுமா என்று கேட்டால், தோல் நிலையத்தின் அரங்கத்துக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்ற பெயர் எதனால் வந்தது என்று சொல்லக்கூடியவர் ஒருவர் அகப்பட்டாலே அதிர்ஷ்டந்தான். 1970-ஐ ஒட்டி ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டார். ஊர் அறிந்திருந்தால் போயிருக்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு நகரம் தன்னிடம் இருப்பதையே அறியாதபோது, அது போனதையும் அறியாது.

பத்திரிகையில் வரும் ஒரு செய்தி என்ன செய்யவல்லது என்பதற்கும் சென்னையிலேயே சான்று இருக்கிறது. அந்தப் பௌதிகத் துறையிலேயே ஆசிரியராக இருந்த அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் தம்முடைய இல்லத்தில் மாணவர்களைக் கூட்டிப் புதிய பௌதிகத்தைப் பற்றிக் கருத்தரங்கு நடத்திவந்தார். 1960-இல் இந்தியாவுக்கு வந்த நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கும் வந்து மாணவர்களோடு பேசிப் போனார். பிறகு பத்திரிகையாளர்களிடம் பேசுகையில், இந்தியாவில் தம்மைக் கவர்ந்தவை இரண்டு என்றும், ஒன்று பம்பாயிலுள்ள மாபெரும் அணுசக்தி அமைப்பு, மற்றொன்று சென்னையில் ராமகிருஷ்ணனைச் சூழ்ந்துள்ள சிறிய மாணவர் கூட்டம் என்றும் அவர் கருத்துத் தெரிவித்ததாகச் செய்தி வெளியாயிற்று. நேருவின் கவனம் அதனால் சென்னையின் பக்கம் திரும்பிற்று. அப்போதைய மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், பிரதமர் சென்னைக்கு வந்த சமயத்தில் அந்த மாணவர்களை அவருக்கு அறிமுகப்படுத்தினார். 1962 ஜனவரி 3-ஆம் தேதி கணித விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. தரமணியில் இன்றைக்கு இயங்கும் நிலையம் அதுதான். ஒரு வீட்டு மாடியில் நடந்ததைக் கவனித்து எழுத, கோபன்ஹேகனிலிருந்து ஒரு நோபல் பரிசாளர் வர வேண்டியிருந்தது என்பதை நம் பத்திரிகைக்காரர்கள் (நானும் அந்த ஜாதிதான்) பெருமையாக எடுத்துக்கொள்வதற்கில்லை.

இப்போதும் ஆராய்ச்சிச் செய்தி என்ற பெயரில் ஒன்று ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் வருகிறது. அமெரிக்க ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவரும் அவருடைய கூட்டாளிகளும், எவருடைய கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று கூட்டிக் கணக்கிட்டு, லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட பட்டியலொன்றை வெளியிடுகிறார்கள். அது வந்த மறுநாள் மாவட்டப் பதிப்புகளில் பார்க்க வேண்டும்: ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நமது பேராசிரியர்’ என்று படமும், முதல்வர் பொன்னாடை போர்த்துவதும், தாளாளர் பாராட்டியதும். செய்தியை மூன்று முறை படித்தாலும், அந்தப் பேராசிரியர் எதை ஆராய்கிறார் என்பது ஒரு வரிகூட இராது. நிலத்தடி நீரா, நெல்லின் நோயா, மின்கலமா? எழுதியவருக்கும் தெரியாது, எழுதித் தந்த கல்லூரிக்கும் அது முக்கியமாகப் படவில்லை.

எண்ணிக்கையின் மீதுள்ள இந்த மோகத்துக்குப் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணிப் புள்ளி போடும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்தது. முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே கட்டுரை பிரசுரமாகியிருக்க வேண்டும் என்று 2009-இல் விதித்து, 2022-இல் அந்த விதியை எடுத்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில், பணம் கட்டினால் பத்து நாளில் எதையும் அச்சிட்டுத் தரும் போலிச் சஞ்சிகைகள் செழித்தன. 2016 முதல் ஆண்டுதோறும் வெளியாகும் தேசியத் தரவரிசையிலும் பிரசுரங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு. எண்ணுகிறவர்களுக்காக எழுதினால், படிக்கிறவர் தேவைப்படமாட்டார். ராமானுஜனை அன்றைய சிண்டிகேட் எண்ணச் சொல்லியிருந்தால், மூன்று அறிக்கை என்ற கணக்கோடு விஷயம் முடிந்திருக்கும்.

ஆனால் நம்முடைய சர்வகலாசாலைகளில் ஒரு வாயில் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பொதுத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம் என்பதே விதி. நடப்பதைச் சொல்கிறேன். துறையின் அறிவிப்புப் பலகையில், பழைய உதவித்தொகை அறிவிப்பின்மேல் பாதி மறைத்தபடி, ஒரு தாள் குத்தப்பட்டிருக்கும். ஆய்வேட்டின் தலைப்பு, நாள், நேரம், இறுதியில் ‘ஆர்வமுள்ள அனைவரும் கலந்துகொள்ளலாம்’ என்று ஒரு வரி. அந்த நாளில் அரங்கத்தில் சக ஆய்வாளர்கள் முன்வரிசையை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். காலி நாற்காலிகளை நிரப்ப எம்.ஏ. முதலாண்டு மாணவர்களை வகுப்பிலிருந்து அழைத்து வந்திருப்பார்கள். கடைசி வரிசையில், ஊரிலிருந்து விடிகாலை பஸ் ஏறி வந்த தாயார் பட்டுப் புடவையோடும், ஆய்வாளரின் கணவர் மடியில் குழந்தையோடும் அமர்ந்திருப்பார்கள். வருகைப் பதிவேடு ஒன்று கைமாறி வரும். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். பிறகு புறத்தேர்வாளர் இரண்டொரு கேள்வி கேட்பார், ‘சபையில் யாராவது?’ என்று நெறியாளர் கேட்டதும், முன்கூட்டியே சொல்லி வைத்தபடி ஒரு நண்பர் எழுந்து ஒன்று கேட்பார். பதிலும் முன்கூட்டியே தயாராயிருக்கும். அப்புறம் பொன்னாடை, பழத்தட்டு, போட்டோ, சாப்பாடு. ஐந்தாறு ஆண்டுகள் ஒரு மனுஷி ஓர் ஆற்றுப்படுகையின் மண்ணையோ ஒரு கிராமத்துக் கோயிலின் செப்பேட்டையோ விடாமல் துருவியதன் பலன் பிற்பகல் இரண்டு மணிக்குள் முடிந்து, ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போய்விடும்.

நம்முடைய நாளிதழ்களில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. எந்தக் கோயிலில் என்ன உற்சவம், எந்தச் சபாவில் யாருடைய கச்சேரி, எந்த மண்டபத்தில் யார் சொற்பொழிவு என்பதையெல்லாம் அது நாள் தவறாமல் சொல்கிறது. அதில் அன்றைய வாய்மொழித் தேர்வுகளுக்கும் இரண்டு வரி இடம் தரலாம். தேர்வின் முதல் பத்து நிமிஷம், வந்திருக்கும் தாயாருக்கும் விளங்கும்படி ஆய்வாளர் தமிழில் பேச வேண்டும் என்று துறைகள் ஏற்பாடு செய்துகொள்ளலாம். தாம் கண்டதைப் பத்து நிமிஷத்தில் தமிழில் சொல்லத் தெரியாதவர் அதை ஆங்கிலத்திலும் சரியாகப் புரிந்துகொண்டாரா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

நிருபர்களுக்கு இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்பார்கள். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒன்று போதும். பத்திரிகைக்காரர்கள் எதையும் மிகைப்படுத்தி, ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்று தலைப்புப் போட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள் என்று பேராசிரியர்கள் பயப்படுவது வாஸ்தவம். அந்தப் பயம் ஆதாரமற்றதுமல்ல. ஆனால் சபையில் உட்கார்ந்து புறத்தேர்வாளரின் ஆட்சேபணையையும் காதால் கேட்ட நிருபர், பாராட்டுக் கடிதத்தை மட்டும் தபாலில் பெற்ற நிருபரைவிட மிகைப்படுத்தக் குறைவாகவே துணிவார். பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன, ஆய்வுக்கூடத்தில் கருவி பழுது, எதைக் காட்டுவது என்று சில துறைத்தலைவர்கள் மனம் நொந்து கேட்பதும் என் காதில் விழுகிறது. அந்தப் பழுதான கருவியோடு ஒருவர் எப்படி வேலையை முடித்தார் என்பதும் சபையில் சொல்லத்தக்க விஷயந்தான்; நிதி கேட்டு எழுதும் பத்து விண்ணப்பங்களைவிட அது அமைச்சரின் காதில் உறைக்கவும் கூடும்.

இதற்குச் சட்டத்திருத்தம் வேண்டாம். நிதிக்குழுவின் சம்மதமும் வேண்டாம். துணைவேந்தர் நாற்காலி காலியாக இருந்தாலும் தடையில்லை. அந்த வாரத்தில் நடக்கவிருக்கும் வாய்மொழித் தேர்வுகளின் பட்டியலை, தமிழில், வெள்ளிக்கிழமை மாலைக்குள் பத்திரிகை அலுவலகங்களுக்கு அனுப்பும்படி பதிவாளர் தம் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவிடம் சொன்னால் முடிந்துவிடும் வேலை இது.